இரண்டு பேருக்கு ஒரு பாஸ்வேர்டு

எங்கள் கம்பெனியின் ஃபினிஷிங் பிரிவில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம், உயரத்தை ஏற்றி இறக்கலாம். அது செக்கிங் மேசைக்கு உரியது. மற்ற முப்பது பெண்களும் நின்றபடிதான் வேலை செய்ய வேண்டும். கார்களுக்குப் போகும் ரப்பர் வளையங்கள் அச்சிலிருந்து வரும்போது ஓரமெல்லாம் பிசிறு இருக்கும். அதைச் சின்னப் பிளேடால் வெட்டி எடுப்பதுதான் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினேழு வருடம் அப்படி நின்றதில் என் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. இப்போது அந்த நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன். எப்படி உட்கார்ந்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். அதிகம் பேசமாட்டேன். லைனில் எனக்கு ஊமச்சி என்று பேர். அந்தப் பேரை வைத்தவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் எனக்கு அடுத்த தெரு, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆவடியில் கம்பெனி பஸ் ஏறினால் இருவருக்கும் எப்போதும் ஒரே சீட். எனக்கு லீவு வேண்டுமென்றால் அவள்தான் சூப்பர்வைசரிடம் கேட்பாள்.

“இந்த ஊமச்சிக்கு வயித்து வலியாம் சார். அதக்கூட நான்தான் சொல்லணும், பாத்துக்கோ.”

எல்லோரும் சிரிப்பார்கள். லீவு கிடைக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். அவளுக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள். அவள் எனக்கு வாய், நான் அவளுக்குக் கைத்தடி. லைனில் எங்களைப் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

நாற்காலியில் இருந்த அம்மா ரிட்டையர் ஆனார். அடுத்து வருகிறவர் ஒரு பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கியிருக்க வேண்டும் என்று, எங்களிடம் வளையம் வாங்கும் கார் கம்பெனி சொல்லிவிட்டதாம். பத்தாவது பாஸ் செய்தவர்கள் எழுதலாம். லைனில் அப்படி ஆறு பேர் இருந்தோம். நான்கு பேர் பரீட்சை என்றதும் வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள். அக்காவும் நானும் பேர் கொடுத்தோம். அதாவது, அக்கா இரண்டு பேர் பேரையும் கொடுத்தாள்.

பரீட்சையை வீட்டிலிருந்தே போனில் எழுத வேண்டும். எச்.ஆர். ஆபீஸிலிருந்து வந்த இளம் ஆபீசர் ஒருவர் கேன்டீனில் வைத்து எல்லோருக்கும் விளக்கினார். நாற்காலி யாருக்குப் போகும் என்று பார்க்க, எழுதாதவர்களும் வந்து நின்றார்கள்.

“போன்ல கேமரா உங்க முகத்தையே பாத்துட்டு இருக்கும்மா. அக்கம்பக்கம் பாக்கக்கூடாது, பேசக்கூடாது, ரூம்ல வேற யாரும் வரக்கூடாது. தப்பு நடந்தா வார்னிங் வரும். மூணாவது வார்னிங்ல பரீட்சை லாக் ஆயிடும்.”

“ஒண்ணுக்கு வந்தா இன்னா சார் பண்றது?” என்று கேட்டாள் அக்கா.

“முன்னாடியே போயிட்டு வந்துடுங்க.”

“எங்க ஊட்டாண்ட நாலு குடித்தனத்துக்கு ஒரு பாத்ரூமு. கியூல நிக்கணும். அதுக்கு எதுனா ஆப்பு கீதா?”

கேன்டீனே சிரித்தது. ஆபீசருக்குக் காது சிவந்துவிட்டது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பாஸ்வேர்டுக்கு வந்தார். ஐ.டி. என்பது அவரவர் டோக்கன் நம்பர்தான், அது புடவைமேல் போடும் கம்பெனி கோட்டிலேயே தைத்திருக்கும். பாஸ்வேர்டை மட்டும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலீஷில் பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து, நம்பர், ஒரு குறி, எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

“இத யார்கிட்டயும் சொல்லாதீங்க, வீட்லகூட. ஒருத்தர் எழுதிட்டு இருக்கும்போது அதே ஐ.டி.ய இன்னொரு போன்ல யாராவது போட்டா, எழுதிட்டு இருக்கிறது அப்படியே கட் ஆயிடும். ஆள்மாறாட்டம்னு ரிப்போர்ட் போகும். அதுக்கு மறுபடியும் சான்ஸே கிடையாது.”

இதை நான் கவனமாகக் கேட்டேன். பேசாதவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. லாக்கருக்கு இரண்டு சாவி தருவார்கள். ஒன்றை அவரவர் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு, மற்றதைப் பக்கத்து லாக்கர்க்காரியிடம் கொடுத்துவைப்போம். தொலைந்தால் அவளிடம் வாங்கிக்கொள்ளலாம். பூட்டு என்பது வெளியாட்களுக்குத்தான் என்று எங்களுக்கு நினைப்பு. அன்று சாயங்காலம் பஸ்ஸில் அக்கா பாஸ்வேர்டையும் அதே கணக்கில்தான் யோசித்தாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணே வெச்சுக்கலாம்டி. நான் மறந்தா நீ சொல்லு, நீ மறந்தா நான் சொல்றேன். உன்கிட்ட மறைக்க என்கிட்ட இன்னா கீது?”

நேராக அவள் வீட்டுக்குப் போனோம். அக்காவின் மருமகள்தான் இரண்டு போனிலும் போட்டுக் கொடுத்தாள். ஆவடி என்று இங்கிலீஷில், முதலெழுத்து பெரிது. பிறகு மெயிலில் போடுகிற அந்தச் சுழிக் குறி. பிறகு காலையில் எங்கள் பஸ் வரும் நேரம், ஆறு நாற்பது. அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் சென்னீர்குப்பத்தில் ஒரு குடோனில் பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலையில் இருந்தவள். ஒரு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அத்தை வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், வேலைக்குத் திரும்பிப் போக அவளுக்கு ஆசை.

“அத்தைக்கு சேர் கெடச்சா இன்னும் பத்து வருஷம் ஜாலியா போய்கினு இருப்பாங்க சித்தி. எனக்குதான் குடோன் கேட்டு மூடிடும்” என்று சிரித்துக்கொண்டே போனை என்னிடம் கொடுத்தாள்.

“புள்ளைய பெத்தவ பாத்துக்கடி” என்றாள் அக்கா. அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலை பதினோரு மணி, அக்காவுக்கு மதியம் மூன்று மணி. அரிசி டின்மேல் போனைச் சாய்த்துவைத்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முதலில் ரூமைச் சுற்றிக் காட்டச் சொன்னது. கதவில்லாத அலமாரியையும், கொடியில் காய்ந்த உள்பாவாடைகளையும், பெயர்ந்த சுவரையும், யார் பார்க்கிறார்கள் என்றே தெரியாமல் நானே கையில் பிடித்துக் காட்டினேன். சொந்தக்காரர்கள் வந்தால்கூட அந்தக் கொடியைத் திரை போட்டு மறைப்பேன்.

கேள்விகள் தமிழில்தான் இருந்தன. எல்லாம் தெரிந்தவை. வெடிப்பு என்றால் என்ன, காற்றுக்குமிழி என்றால் என்ன, எந்த வளையத்தைக் கழிக்க வேண்டும். மூன்றாவது கேள்வியில் திரை சிவந்தது. ‘பேசுகிறீர்கள். முதல் எச்சரிக்கை.’

நான் பேசவில்லை. வாய் அசைந்திருக்கிறது. எனக்குப் படிப்பென்றால் அப்படித்தான் வரும். பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டு படித்தால் பிரம்பால் அடிப்பார்கள், தூங்குகிறோம் என்று. யாரிடமும் பேசாத என் வாய் அச்செழுத்தைப் பார்த்தால் மட்டும் தானாக அசையும். உதட்டைக் கடித்துக்கொண்டேன். கடித்துக்கொண்டால் எழுத்து மண்டையில் ஏறவில்லை. விட்டேன். இரண்டாவது எச்சரிக்கை வந்தது.

பிறகு என் வீட்டுக்காரர் வந்தார். தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு, போனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

“இன்னாமே, சீயக்கா எங்க வெச்சுகீற?”

திரை சிவந்து, பிறகு கறுத்து, ஒரு பூட்டுப் படம் வந்தது. சீயக்காய் அரிசி டின்னுக்குப் பின்னால்தான் இருந்தது. அவரே எடுத்துக்கொண்டு போனார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு சிரித்தாள். துண்டோடு வந்தாரா என்று மறுபடி கேட்டு மறுபடி சிரித்தாள். மருமகளைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னாள். “ஊமச்சி பேசினான்னு மிசினு சொல்லுதாம்டி!” பின்னால் மருமகள் சிரிப்பதும் குழந்தை சிரிப்பதும் கேட்டது. அடங்கிய பிறகு அக்கா சொன்னாள்:

“போவுது வுடு. அழுவாத. நான் உக்காந்தா நீ உக்காந்த மாதிரிதான்.”

பதினேழு வருடமாக அவள் என்னைச் சொன்னதெல்லாம் எனக்கு வலித்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு என் கால்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்தால் இந்த நரம்பு எப்படி இறங்கும் என்று யோசித்தேன். சோறு வடித்தேன், குழம்பு வைத்தேன், வீட்டுக்காரருக்குப் போட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டு வெளியே போனார்.

மூன்று மணிக்கு மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“சித்தி, அத்த எழுதுறாங்க. இவன் கத்துறான். செத்த நேரம் இங்க குந்திக்கிறேன்.”

வாசற்படியில் உட்கார்ந்து, குழந்தைக்குப் போனில் பொம்மைப் பாட்டுப் போட்டுக் காட்டினாள். “கதவ சாத்தறதுக்கு முன்னாடி பாத்தேன், வாயே தொறக்கல. நம்ம அத்தையா இதுன்னு எனக்கே டவுட்டாயிடுச்சு” என்றாள். நான் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே வந்தேன்.

சும்மா பார்க்கத்தான் நுழைந்தேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். பார்ப்பதற்காக நுழைபவள் போனின் கேமரா மேல் பொட்டு ஒட்டமாட்டாள். கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் பெரியதாக ஒன்றை எடுத்து, முகம் தெரியாதபடி கேமரா மேல் ஒட்டினேன். அக்காவின் டோக்கன் நம்பரைப் போட்டேன். ஆவடி, சுழிக் குறி, ஆறு நாற்பது. ‘இந்தத் தேர்வு வேறொரு போனில் நடந்துகொண்டிருக்கிறது. இங்கே தொடர விரும்புகிறீர்களா?’ என்று கேட்டது. கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. இல்லை என்பதைத் தொட்டிருக்கலாம். அப்போதும் என் உதடு அசைந்து, அந்தக் கேள்வியைக் கடைசி எழுத்துவரை படித்தது. ஆம் என்பதைத் தொட்டேன்.

பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். குழந்தைக்கு முதலில் ஊட்டிவிட்டு, மீதியை அவள் குடித்தாள்.

திங்கட்கிழமை எச்.ஆர். ஆபீஸில் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். ஆபீசர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மூன்று இருபதுக்கு வேறொரு போனில் அக்காவின் ஐ.டி. திறக்கப்பட்டிருக்கிறது; யாருடைய போன் என்று மட்டும் அதில் தெரியாதாம். அந்தப் போன் எடுத்த படம் இருந்தது. சிவப்பாக ஒரு இருட்டு, வேறொன்றும் இல்லை.

“யாரோ கேமராவ மறைச்சிருக்காங்க. பாஸ்வேர்ட ஒரே தடவைல கரெக்டா போட்டிருக்காங்கம்மா. தெரிஞ்சவங்கதான்.”

“தெரிஞ்சது இவளுக்கு. அப்பறம் எங்க ஊட்டு மகாராணிக்கு” என்றாள் அக்கா. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஆபீசரிடம் திரும்பிச் சொன்னாள்: “இவளுக்கு சொந்தப் பரிட்சையே எழுதத் தெரியல சார். என்துல பூந்து இன்னா கிழிக்கப்போறா?”

ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் என் வீடியோவையும் பார்த்திருந்தார் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அன்று சாயங்காலம் அக்கா என்னை விடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். மகன் வேலையிலிருந்து வந்திருந்தான். மருமகள் இடுப்பில் குழந்தையோடு அடுப்பருகே நின்றாள்.

“கேளுடா உன் பொண்டாட்டிய. நான் வேலைய வுட்டுட்டு ஊட்ல குந்திகினு புள்ளைக்கு பீ தொடைக்கணும், இவ சோக்கா குடோனுக்குப் போவணும். அதுக்குதான எம் பரிட்சைல பூந்துகீறா?”

“நான் ஏன்த்த பூர்றேன்? எனக்கு இன்னா தலையெழுத்தா?” என்றாள் அந்தப் பெண். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. தன் பக்கத்துக்கு ஒரு ஆள் இருக்கிறது என்ற நிம்மதிதான் இருந்தது. “சித்தி, நீங்க சொல்லுங்க. மூணு மணிக்கு நான் புள்ளைய தூக்கினு உங்க ஊட்டாண்டதான குந்திகினு இருந்தேன்?”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் நான் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. பேசாமல் இருந்திருந்தால்கூட, எப்போதும் போல ஊமச்சி என்று விட்டிருப்பார்கள். நான் வாயைத் திறந்தேன்.

“வந்தா. கைல போன் வெச்சுகினு இருந்தா.”

ஒரு வார்த்தை பொய் இல்லை. மகன் எழுந்து போய் அவளை அறைந்தான். குழந்தை அவள் இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தது. அக்காதான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். “புள்ள மேல பட்டா இன்னாடா ஆவறது?” என்று மகனைத் திட்டினாள். அறைந்ததற்குத் திட்டவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெண் பையோடு வேப்பம்பட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் அக்காவும் பஸ்ஸுக்குப் போகும் வழியில், ஆட்டோவுக்காகத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்க்காமல் வேகமாக முன்னால் போனாள், முழங்கால் வலியையும் மறந்து. நான் பின்தங்கிவிட்டேன். அவள் கன்னம் வீங்கியிருந்தது. குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“அந்த ஆப்பு கரெக்டாதான் சொல்லிகீது சித்தி. நீங்க வாயத் தொறந்தா தப்புதான்.”

தான் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். அத்தை செய்யவில்லை என்றும் தெரியும். மூன்றில் இரண்டு போனால் மீதி யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் அவள் சொன்னால் நம்ப அந்த வீட்டில் ஆள் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஆபீசர் என்னை மட்டும் கூப்பிட்டார். வாய் அசைந்ததும் வீட்டு ஆள் உள்ளே வந்ததும் காப்பியடித்த கணக்கில் வராதாம். கம்பெனி ஆபீஸிலேயே உட்கார்ந்து இன்னொரு முறை எழுதலாம் என்றார். ஆள்மாறாட்டத்துக்கு மட்டும் சான்ஸ் இல்லை.

என்னைத் தயார் செய்தவள் அக்கா. பஸ்ஸில் தினமும் என் மடியில் பேப்பரை விரித்து, தாடையைக் கீழிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள். “கண்ணால படி. உதடு ஆடுது பாரு. மூடு.” அம்பத்தூர் வருவதற்குள் என் தாடை வலிக்கும். லைனில் பிசிறு வெட்டும்போதும் தூரத்திலிருந்து கேள்வி கேட்பாள், நான் ஒரு விரல், இரண்டு விரல் காட்டிப் பதில் சொல்ல வேண்டும். பரீட்சை அன்று ஆபீஸ் வாசல்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“பயப்படாத. நீ உக்காந்தா நான் உக்காந்த மாதிரிதான்.”

அதே வார்த்தை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் இதைக் கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்லியிருக்கிறாள் என்பது எனக்கு அந்த வாசலில்தான் விளங்கியது. உள்ளே போனேன். நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு எழுதினேன். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

இப்போது என் மேசைக்கு நேர் எதிரில் அக்கா நிற்கிறாள். அவள் பிசிறு வெட்டிய வளையங்கள் தட்டில் என்னிடம் வருகின்றன. நான் விளக்கடியில் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறேன். கை நடுங்கி அவள் வெட்டியது சில நேரம் ஆழமாகப் பட்டுவிடுகிறது. முதலில் அவற்றைச் சத்தமில்லாமல் நல்ல பெட்டியில் போட்டேன். கார் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. அதன் பிறகு கழிக்கிறேன். கழித்ததெல்லாம் அவள் டோக்கன் நம்பரில் ஏறும். “கரெக்டா பாருடி, எனக்காவ பாக்காத” என்கிறாள். அவளுக்கு முழங்கால் இப்போது இரண்டும் போய்விட்டது. சேலைக்குள் துணி சுற்றிக்கொண்டு நிற்கிறாள். என் கால் நரம்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

மருமகள் திரும்பி வரவில்லை. அவளுடைய அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாளாம், அவள் ரயிலேறி ஏதோ வேலைக்குப் போகிறாளாம். மகன் ஒரு தடவை கூப்பிடப் போய்விட்டு, வாசலிலேயே நின்று திரும்பி வந்தான். சாப்பாட்டு நேரத்தில் அக்கா போனை எடுத்துக் குழந்தையின் பழைய படத்தைப் பார்ப்பாள். நடக்கிறானா, பேசுகிறானா என்று என்னிடம்தான் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் சம்பளச் சீட்டைக் காகிதத்தில் தருவதை நிறுத்திவிட்டார்கள். அதே ஐ.டி., அதே பாஸ்வேர்டை வைத்துப் போனில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனைத் தட்டினாள். பிறகு லைன் முழுக்கக் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டாள்.

“ஏய் ஊமச்சி! நம்ம பாஸ்வேர்டு இன்னாடி? பஸ்ஸு டைமுக்கு முன்னாடி இன்னா வரும்?”

“மாத்தலையாக்கா நீ?”

“எதுக்கு மாத்தணும்? அவதான் போய்ட்டாளே. இப்ப தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குதான? உன்துதும் அதான?”

என்னுடையதை மாற்றிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, கேமராவிலிருந்து பொட்டை உரித்து எடுத்த கையோடு மாற்றிவிட்டேன்.

“ஆமாக்கா” என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்து போய், அவள் போனை வாங்கி, நானே போட்டுக் கொடுத்தேன். ஒரே தடவையில் திறந்தது.